ஈட்டித் தூளும் எங்கள் குதிரையும்

என் வீட்டுக்காரர் குதிரை வாங்கியது ஏறிப் போவதற்கு இல்லை. பார்ப்பதற்கு. இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன?

அவர் மரவேலை செய்கிறவர். காரைக்குடியில் எங்கள் வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். எழுபதாம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி, சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றுக்குக் குதிரை வாகனம் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தார். தன் மனசில் இருந்த குதிரையை வைத்துத் தலையைச் செதுக்கி முடித்தார். பார்க்க வந்த ஊர்க்காரர்களில் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு மெதுவாக, "ஆசாரி, கழுதை ரொம்ப நல்லா வந்திருக்கு. குதிரையை எப்பச் செய்யப் போறீக?" என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். மனிதர் மூன்று நாள் சோறு பிசைந்தார், தின்னவில்லை. நாலாம் நாள் காலையில் வெளியே போனவர் மத்தியானம் ஒரு குதிரையோடு வந்து வாசலில் நிற்கிறார்.

"என்னங்க இது?"

"குதிரை."

"குதிரைன்னு எனக்கும் தெரியுது. எதுக்கு?"

"பாக்க."

ரயிலடியில் ஜட்கா ஓட்டியவரிடம் வாங்கியிருக்கிறார். பஸ்கள் பெருத்துப் போய், ஜட்காவுக்கு ஆள் ஏறாத காலம் அது. பெண் குதிரை. செம்மண் நிறம், நெற்றியில் சுண்ணாம்பு விரலால் தொட்ட மாதிரி ஒரு வெள்ளை. விலா எலும்பை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். "வாகனம் முடியிற வரைக்குந்தான். தை பொறந்ததும் செங்கச் சூளைக்காரருக்குத் தர்றதாச் சொல்லிட்டேன். வாக்குக் கொடுத்தாச்சு," என்றார். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. ஈரச் செங்கல் வண்டியை இழுத்துச் சாகிற குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த நேரம் என் கவலையெல்லாம் இதற்கு யார் கொள்ளு வேகவைப்பது என்பதுதான். யார் வேகவைப்பார்கள்? நான்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சிவகங்கையில் பொன்வேலை செய்கிற வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஊதுகுழல் ஊதுகிற நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, பொடி பறந்துவிடும். அப்படி இருபது வருஷம் அடக்கி வைத்த பேச்செல்லாம் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் மொத்தமாக வெளியே வந்தது. வாய் பெரிசு என்று தெருவுக்கே தெரியும். கோபம் மூக்குக்கு மேலே வராது, மூக்கிலேயே குடியிருக்கும்.

இந்தக் குதிரைக்கோ அதட்டல் ஆகாது. சுத்தியல் சத்தம், வாள் அறுக்கிற சத்தம், உளிமேல் கொட்டாப்புளி அடிக்கிற சத்தம், எதற்கும் காது அசையாது. பட்டறையில் நின்றபடியே தூங்கும். ஆனால் நான் பின்கட்டிலிருந்து, "அரிசி வாங்கிட்டு வரச் சொல்லி எத்தனை நாளாச்சு, காதுல ஆணி அடிச்சு வச்சிருக்கீகளா?" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். உடம்பெல்லாம் தோல் சிலிர்த்து, அந்த வேளைக் கொள்ளைத் தொடாது. நான் திட்டியது அவரை. பட்டினி கிடந்தது அது. பாவமாகப் போய்விட்டது எனக்கு. பக்கத்தில் போய்க் கழுத்தைத் தடவி, "ஒன்ன இல்லத்தா, அந்த மனுசனை," என்று சொல்லிச் சொல்லித் தின்னவைப்பேன். அப்படித்தான் பழகினோம். ஒரு மாதத்தில் நான் மாவரைத்தால் அது பட்டறையின் பின்வாசல் வழியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆத்தாடி, அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிவிடலாம்!

அப்புறம்தான் அதற்கு நோவு வந்தது. முதலில் கண்ணில் தண்ணீர். பிறகு இருமல். பிறகு வயிற்றிலும் தொடையிலும் உளுந்த வடை அளவுக்குத் தடிப்புகள். தூணில் உரசி உரசி ஒரு பக்கம் முடியே போய்விட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து ஊசி போட்டார். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழைய கதை. மூன்றாவது தடவை வந்தவர், "இதுக்கு ஏதோ ஒண்ணு ஒத்துக்கலைம்மா. தீனி, தண்ணி, படுக்கிற இடம், ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாற்றினோம். கொள்ளை நிறுத்தித் தவிடு வைத்தோம். கிணற்றுத் தண்ணீரை விட்டுக் கண்மாய்த் தண்ணீர் வைத்தோம். புல்லை அலசிப் போட்டோம். படுக்கையை மட்டும் மாற்றவில்லை. அதை ஏன் மாற்ற வேண்டும்? அதுதான் எங்கள் பெருமை! அந்தச் சமயம் நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு ஈட்டி மரத்தில் கட்டிலும் பீரோவும் செய்துகொண்டிருந்தார். இழைப்புளியிலிருந்து விழுகிற சுருளும் வாளிலிருந்து உதிர்கிற தூளும் கருநீலமாக, வாசனையாக, மெத்து மெத்தென்று இருக்கும். அதைத்தான் முழங்கால் உயரத்துக்கு அதற்குப் பரப்பியிருந்தார். "ஜமீன் குதிரைகூட ஈட்டித் தூள்ல படுத்திருக்காது," என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். நானும் கூட நின்று தலையாட்டினேன்.

வாகனத்துக்குக் கால் பொருத்த அவர் சாக்கோட்டைப் பக்கம் போய்ப் பத்து நாள் தங்கினார். பட்டறையில் வேலை இல்லை, புதுத் தூளும் இல்லை. பழசைக் கூட்டி அள்ளிவிட்டுக் கண்மாய் மணலைப் பரப்பினேன். ஒரு வாரத்தில் தடிப்பு அமுங்கியது. இருமல் போன இடம் தெரியவில்லை. எல்லாம் நான் ஊற்றிய வேப்பிலைத் தண்ணீர் என்று தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்தார். குதிரை தெளிந்திருப்பதைப் பார்த்து அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், கட்டில் வேலையை மறுபடி தொடங்கி இரண்டு நாளில் சேர்ந்த ஈட்டித் தூளை மொத்தமாக அள்ளிப் பரப்பினார்.

விடிந்து பார்த்தால் அதன் முகம் பூசணிக்காய்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டாக்டரைத் திட்டினேன், சூளைக்காரரைத் திட்டினேன், சம்பந்தமே இல்லாமல் பஸ்ஸைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே தூளைக் கூட்டும்போது என் முழங்கைக் குழி அரித்தது. சொறிந்தபடி பார்த்தேன். சிவப்பாக ஒரு தடிப்பு. எங்கேயோ பார்த்த தடிப்பு.

எங்கே? என் உடம்பில்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் முழுக்க என் கையெல்லாம் இதே தடிப்பு. கரப்பான் என்றார்கள். கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மரத்தூளையே சுவாசித்த வீடு, அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் செய்யாது. அதனால் தூளின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒரு வருஷத்தில் என் உடம்பு மரத்துப்போய் அடங்கிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

"அடக் கெரகமே, தூளு!" என்று நான் போட்ட சத்தத்தில் குதிரை அன்றைக்கும் பட்டினி.

பின்கட்டு வேப்பமரத்தடியில் மணல் கொட்டி அதற்கு இடம் மாற்றினோம். பத்தே நாளில் மினுமினுவென்று ஆகிவிட்டது. ஆனால் ஒரு சங்கடம். நோவு எங்கிருந்து வருகிறது என்று அதற்கும் தெரிந்துபோயிற்று. என் வீட்டுக்காரர் வேட்டி மடிப்பில், தலைமயிரில், எங்கும் தூள். அவர் கிட்டே வந்தால் தும்மும், பின்னாலேயே நகரும். அவர் பத்தடி தள்ளி நின்றுதான் அதைப் பார்த்து வாகனத்தின் தலையை மறுபடி செதுக்க வேண்டியிருந்தது. "குளிச்சிட்டு வாங்களேன்," என்றால், "பட்டறைக்காரன் அந்தியிலதான் குளிப்பான். காலையில குளிக்கிறதுக்கு நான் என்ன குருக்களா?" என்பார். ஆனாலும் முகம் வாடிவிடும். வாங்கி வந்தவர் அவர், அதன் காதைத் தொடுகிறவள் நான்.

வாகனம் முடிந்து கோயிலுக்குப் போயிற்று, இந்தத் தடவை ஒருவரும் கழுதை என்று சொல்லவில்லை. மார்கழி பிறக்கும்போது நேமத்தான்பட்டிப் பெரிய வீட்டு ஆச்சி கட்டிலைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் மகளுக்குத்தான் கல்யாணம், தையில் முகூர்த்தம். கட்டிலைப் பார்த்து முடித்துப் பின்கட்டுக்கு வந்தவர்கள் குதிரையைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"இப்பல்லாம் மாப்பிள்ளையைக் கார்ல வச்சு அழைக்கிறாக. எனக்கு அதுல மனசே இல்லை. எங்க வீட்டு மாப்பிள்ளைக அத்தனை பேரும் குதிரையில வந்தவுகதான். ஏன் ஆசாரி, இது ஆளைச் சொமக்குமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "சொமக்கும் ஆச்சி! மாப்பிள்ளையும் சொமக்கும், மாலையும் சொமக்கும்!"

ஆச்சி போனதும் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஒரு ஆளும் ஏறாத குதிரை. வண்டியில பூட்டினதுதான். ஒன் வாய்க்கு நான் ஒரு தாப்பாள் செய்யணும்." பிறகு அவரே, "இங்கேரு புள்ள. அன்னைக்கு மட்டும் அது ஒழுங்கா நடந்துச்சுன்னா நான் சூளைக்காரர்ட்ட பேசிக்கிறேன், இங்கயே இருக்கட்டும். மிரண்டு மானத்தை வாங்குச்சுன்னா, சொன்ன சொல்லுப்படி சூளைக்குத்தான். அப்ப நீ அழக்கூடாது," என்றார். சரி என்றேன். ஒரு மாதம் இருந்தது.

யார் ஏறிப் பழக்குவது? அவரை அது அண்டவிடாது. வெளியாளுக்கு அதட்டத்தான் தெரியும். மிச்சம் இருந்தது ஒருத்தி. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் அந்த வருஷம் மழை பொய்த்துத் தண்ணீர் வற்றியிருந்த கண்மாய்ப் பக்கம் ஓட்டிப் போனேன். பனியில் நனைந்து தரை அடங்கியிருக்கும் நேரம், புழுதி இல்லாததால் இருமலும் வராது. கரை மேல் நின்று அதன் முதுகில் காலைப் போட்டேன். ஒரு சுற்றுச் சுற்றியது. நான் கோரைப் புல்லில் கிடந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி கோரை. குதிரையின் குணமறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பார்களே, அதை நினைத்து விழுந்த இடத்திலேயே சிரித்தேன். அது பக்கத்தில் வந்து என் தலையை முகர்ந்து பார்த்தது.

அஞ்சாறு நாள் விழுந்த பிறகு ஒன்று பிடிபட்டது. நான் பயத்தில் மூச்சைப் பிடித்தால் அதுவும் விறைத்து நிற்கிறது. நான் மூச்சை விட்டால் நடக்கிறது. அட, எங்கள் வீட்டு ஊதுகுழல் வித்தைதான்! அறாமல், ஏறாமல், ஒரே சீராக ஊதினால்தான் பொன் உருகும். அதே மாதிரி மூச்சை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கடிவாளத்தை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்மாயை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தோம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கரைப் பனைமரமெல்லாம் எனக்குக் கீழ்ப்படிந்து நிற்கிற மாதிரி இருந்தது. அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தன்றுகூடப் படவில்லை. சொல்கிறேன், உள்ளதைச் சொல்கிறேன்.

அறுகம்புல் அறுக்க வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். "ஏத்தா, எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறீக?" என்று கேலி. "ஒங்க வீட்டு அடுப்படியைத்தான்," என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அடுத்த வேலை, வயிற்றுக் கூச்சம். மாப்பிள்ளைக் குதிரைக்கு வெல்வெட்டுத் துணி போர்த்துவார்கள், குஞ்சம் தொங்கும். இதன் வயிற்றில் ஒரு ஈ உட்கார்ந்தாலே தோல் துள்ளும். என் பழைய சேலைகளைக் கிழித்துத் தோரணமாக அதன் மேல் தொங்கவிட்டு நடத்தினேன். முதல் நாள் ஒரு சேலை, பிறகு இரண்டு, கடைசியில் அஞ்சு. தெருவே வாசலில் நின்று சிரித்தது. சிரிக்கட்டும். குதிரைக்குக் கூச்சம் போயிற்று, எனக்கு வெட்கம் போயிற்று.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் என் வீட்டுக்காரர் ஒரு துணிமூட்டையை என் முன்னால் வைத்தார். அவிழ்த்தால், சேணம். ஒரு மாதமாக எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறார். முன்னால் ஒரு கிளி, ஓரமெல்லாம் கொடி, மெழுகு போட்டுக் கண்ணாடியாகத் தேய்த்தது. மரம்?

"ஈட்டியா?"

"வேற எதுல செய்வேன்? மாப்பிள்ளை உக்கார்றது. தூளு ஒரு பொட்டு இல்ல புள்ள, மூணு தடவை தொடச்சிட்டேன்."

எனக்கு வாய் வரை வந்தது. அந்தக் கிளியைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அந்தத் தூள் மறுபடி தொட்டதிலிருந்து என் முழங்கைக் குழிக்குப் பழைய நோவு திரும்பியிருந்தது. அதனால் என் கைதான் குதிரைக்கு டாக்டர். சேணத்தின் அடிப்பக்கத்தை முழங்கைக் குழியில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு சமையலைப் பார்த்தேன். சாயங்காலம் அவிழ்த்து அவரிடம் காட்டினேன். சிவந்திருந்தது. அவர் என் கையையே ரொம்ப நேரம் பார்த்தார். சேணத்தை எடுத்துப் போய்ப் பரணில் வைத்தார்.

கல்யாணத்தன்று காலை, நேமத்தான்பட்டிப் பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். பட்டணத்தில் படிக்கிறவர், கண்ணாடி போட்டவர். குதிரையைப் பார்த்ததும் கழுத்து மாலை நடுங்கியது. நான் நாலாய் மடித்த ஜமுக்காளத்தைப் போட்டு அதன் மேல் வெல்வெட்டைப் போர்த்தியிருந்தேன். ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "ஏன் ஆசாரி, சேணம் எங்க?" என்றார்கள்.

அவர் தெருவின் எதிர்ப்பக்கம், தள்ளி நின்றுகொண்டிருந்தார். "சேணம் வேணாம் ஆச்சி. அதுக்கு ஒத்துக்கிறாது," என்றார் அங்கிருந்தே. ஒரு மாதம் செதுக்கிய கிளி வீட்டுப் பரணில் கிடந்தது.

"யாரு பிடிச்சுக்கிட்டு வர்றது?"

"நான்தான் ஆச்சி," என்றேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. மாப்பிள்ளைக் குதிரையைப் பெண்பிள்ளை பிடிப்பதா? ஆச்சி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்கள். "குதிரையே பொண்ணுதான். பிடிக்கிறவ பொண்ணா இருந்தா என்ன? நட ஆத்தா," என்றார்கள். அந்த ஆச்சிக்குக் கோயில் கட்டலாம்.

மேளம் காதைப் பிளந்தது. குதிரை அசையவில்லை, பட்டறையில் கேட்காத சத்தமா? குஞ்சங்கள் வயிற்றில் ஆடின, அதற்கும் அசையவில்லை. பாதித் தெரு நன்றாகத்தான் வந்தோம். முக்குத் திரும்பும்போது வெடி போட்டார்கள். குதிரை மிரளவில்லை. மாப்பிள்ளைதான் மிரண்டார். "ஐயோ!" என்று கத்திக்கொண்டு அந்தப் பக்கமாகச் சரிந்தார். அந்தக் கத்தலில் அதன் தோல் சிலிர்த்தது. மூச்சு நின்றது. அது ஒரு சுற்றுச் சுற்றினால் மாப்பிள்ளை தெருவில், குதிரை சூளையில். கடிவாளத்தை விட்டுவிட்டு நான் அந்தப் பக்கம் ஓட முடியாது. எனக்கும் மூச்சு நின்றுவிட்டது.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை மாப்பிள்ளையின் தொடையைத் தாங்கி மேலே ஏற்றியது. பார்த்தால் என் வீட்டுக்காரர். "அங்குட்டுப் போங்க! கிட்ட வராதீக!" என்று கத்த இருந்தேன். குதிரை கழுத்தைத் திருப்பி அவர் தோளை முகர்ந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. தும்மவில்லை. நகரவில்லை. அவர் தலை ஈரமாக இருந்தது. சீயக்காய் வாசனை எனக்கே அடித்தது. கோடி வேட்டி, மஞ்சள் முனை கூட மங்கவில்லை. மனிதர் விடியலில் எழுந்து குளித்துவிட்டு வந்திருக்கிறார்.

மூச்சை விட்டேன். நீளமாக, ஊதுகுழல் மாதிரி. குதிரையும் விட்டது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர், நடுவில் மாப்பிள்ளை, பெண் வீட்டு வாசல் வரை போனோம். ஆலத்தி எடுத்தபோது அது கண்ணைப் பாதி மூடி நின்றதைப் பார்க்க வேண்டுமே, ஆலத்தியே தனக்குத்தான் என்ற நினைப்பு!

மூன்றாம் நாள் காலையில் சூளைக்காரர் கயிற்றோடு வந்தார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் கிணற்றடியில் குளித்து முடித்திருந்தார். "நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, நான் சொன்ன சொல்லை மீறுறேன். குதிரை எங்க வீட்ல இருக்கட்டும்," என்றார் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு. சூளைக்காரர் என் முகத்தையும் பார்த்தார். அவருக்கும் என் வாய் தெரியும். ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் என்னால் சும்மா இருக்க முடியுமா? "நான் ஒரு வருசம் கை கிழியச் சொறிஞ்சேன். அப்ப ஒரு நாள் காலையில குளிச்சீகளா? ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனீகளா? குதிரைன்னதும் ரெண்டு வேளைக் குளியலாக்கும்!" என்றேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே அது கேலியாக இல்லாமல் போய்விட்டது.

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அது பத்தடி தள்ளிப் போயி நின்னு எனக்குக் காட்டுச்சு. நீ தள்ளியே போகலையே புள்ள."

வெந்த கொள்ளைப் பானையோடு எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்தார். குதிரை அவர் தோளில் மூக்கை ஒரு தடவை துடைத்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது.